ஏழு மணிக்கு எலியோதோரோ கடையில்

மெக்சிகோ நகரம், போர்த்தாலேஸ்
19 பிப்ரவரி 1996

மதிப்பிற்குரிய எல்சி நோவெலோ அவர்களுக்கு,

உங்கள் வழக்கறிஞர் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் சென்ற புதன்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இப்போதைக்கு என்னிடமிருந்து வேறு கையெழுத்து எதுவும் கிடைக்காது.

பதினொரு பக்கங்களையும் படித்தேன். இருபத்தேழு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கிரேக்க, லத்தீன் சொல்வேர்களைச் சொல்லிக்கொடுத்துக் கெட்டுப்போன கண் என்னுடையது. என் திருமணத்தை முடித்துவைக்க வந்த ஆவணத்தில் ஆறு பிழைகள். தனித் தாளில் சிவப்பு மையால் குறித்துவைத்திருக்கிறேன். மெரிதாவில் வழக்கறிஞர்கள் பள்ளிக்கூடம் போவதில்லையா, அல்லது உங்கள் அண்ணன் வில்பர்த் தன் நண்பர்களில் ஒருவரைப் பிடித்துத் தந்தாரா என்று தெரியவில்லை.

நீங்கள் போய் இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. வீடு அப்படியேதான் இருக்கிறது. மாடியில் இருப்பவன் இன்னும் தரையில் நாற்காலியை இழுக்கிறான். பள்ளியில் உர்ருத்தியாவைத் துறைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். என் குறிப்புகளைத் திருடிப் பாடநூல் எழுதிய அதே உர்ருத்தியாதான். அவனுக்கு நான் வணக்கம் சொல்வதில்லை.

வியாழக்கிழமை இரவுகளில், நாம் போய்வந்த நபோரின் டாக்கோ கடைக்குப் போகிறேன். போகாமல் இருக்கவும் முயன்றேன். இரண்டு வாரம் எதிர்ச்சாரியில் இருக்கும் கடையில் டாக்கோ சாப்பிட்டேன். அங்கே இறைச்சியைக் கம்பியில் சுற்றவிடாமல் தட்டில் வதக்குகிறார்கள். மூன்றாவது வாரம் தலையைக் குனிந்துகொண்டு நபோரிடமே திரும்பினேன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்: "என்ன வாத்தியாரே, எதிர்க்கடை மாமியார் வீடு கசந்துபோச்சா? அக்கா எங்க?"

"அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"ரெண்டு வருஷமாவா? என்ன வியாதி அது, அரசாங்க வியாதியா?"

அவன் வேலையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். எனக்கு ஐந்து டாக்கோ போட்டுவிட்டு, ஆறாவதாக ஒரு சோள ரொட்டியை விரித்து, கம்பி உச்சியில் இருந்த அன்னாசியில் ஒரு சீவலை மட்டும் சுண்டி அதில் விழவைத்து, என் பக்கத்தில் காலியாக இருந்த முக்காலி முன்னால் வைத்தான். நீங்கள் அப்படித்தான் தொடங்குவீர்கள் என்று அவனுக்கு நினைவிருக்கிறது. எனக்கு மானம் போயிற்று.

பத்திரத்தில் நான் கையெழுத்திடப்போவதில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
அன்செல்மோ பார்ராகான்


மெரிதா, சான் செபஸ்தியான்
8 மார்ச் 1996

அன்செல்மோ,

"மதிப்பிற்குரிய"வாம், "அவர்களுக்கு"வாம். உறையைக் கிழித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "யாருடி இது, நகராட்சியா?" என்றாள். உனக்குக் கோபம் ஏறினால் "நீங்கள்" போட ஆரம்பித்துவிடுவாய் என்று சொன்னேன். ஒருமுறை குழாய் ரிப்பேர் செய்யச் சொன்னதற்கு ஒரு வாரம் நான் "நீங்கள்" ஆக இருந்தேன், நினைவிருக்கிறதா?

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். உன் புண்ணியத்தில் அவளுக்கு இரண்டு வருடமாகக் காய்ச்சல். தெரிந்தபோது சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நபோரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "என் மாமனார் செத்தார், நான் சாவுக்குப் போகவில்லை, அதனால் என் மனைவி திரும்பி வரவில்லை." மூன்றே வாக்கியம். நீ திருத்த வேண்டிய பிழை ஒன்றும் அதில் இல்லை.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று பகல் முழுக்கத் தெருக்கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். மாலை நாலு மணிக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. நீ கேட்டால் இதைத்தான் காரணமாகச் சொல்வேன். நீதான் கேட்கவே இல்லையே.

இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் வந்தால் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு கடையில் பிட்சா சாப்பிடுவேன். இங்கே பிட்சாவின் மேல் உருண்டைச் சீஸைத் துருவிப் போடுகிறார்கள், சிவப்பு மெழுகு பூசிய அந்த டச்சு உருண்டையை. நம்ம பிட்சாக்கடை அமாதேயோ பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவான். எனக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய உப்பு, பிடித்திருந்தது. முழுசாகச் சாப்பிட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில் தட்டைச் சுற்றிலும் ஓரங்கள் மிச்சம். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் என் ஓரங்களை நீதானே தின்றாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு முனைக்கு இரண்டு தெரு தள்ளி பெரியவர் டோன் எலியோதோரோ கடையில் கொச்சினீத்தா டாக்கோ, வாழையிலையில் வெந்த பன்றிக்கறி. அப்பா வாடிக்கையாகப் போன கடை. அதைச் சாப்பிடும்போது மட்டும் நான் எதையும் யோசிப்பதில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. போட மாட்டாய் என்றால் ஏன் என்று எழுது. சிவப்பு மை வேண்டாம்.

எல்சி


மெக்சிகோ நகரம்
2 ஏப்ரல் 1996

எல்சி,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஏன் வரவில்லை என்பதை எழுதுகிறேன்.

1974, நம் கல்யாண விருந்து. உன் அண்ணன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். என் அம்மா, என் பேராசிரியர்கள், எல்லோரும் இருந்தார்கள். "எங்க வீட்டுல இருந்ததே ஒரு முத்து, அதையும் ஒரு குவாச் தட்டிட்டுப் போறான்" என்றான். உன் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தலைநகரத்துக்காரனை உங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், அது சும்மா கேலி என்று நீ என் காதில் சொன்னாய். என் அம்மா அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சாகும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இருக்கும் ஊரில் கால் வைப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். முடிவு செய்தால் நான் மாற மாட்டேன். இது குணம் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தில் மாலை நாலு மணி என்று ஓர் இடம் வருகிறது. அதைப் படித்ததிலிருந்து குணமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அமாதேயோவின் கடைக்குப் போனேன். நீ போனபிறகு இதுதான் முதல் தடவை. அவனும் கிழவனாகிவிட்டான், ஆனால் சிப்பீலோவிலிருந்து தன் சகோதரிகள் அனுப்பும் சீஸைத் தவிர வேறெதையும் இன்னும் உள்ளே விடுவதில்லை. பக்கத்து மேசையில் ஒருவன் பிட்சா மேல் தக்காளிச் சட்னி பாட்டிலைக் கவிழ்த்தான். அமாதேயோ வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஆள் முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தான்.

நான் பெரிய பிட்சா கேட்டேன்.

"தனியா வந்தா சின்னதுதான்," என்றான்.

"எனக்குப் பசிக்குது, அமாதேயோ."

"பசிக்கிறவன் ரெண்டு பேரா வருவான். அந்தம்மாவ என்ன பண்ணீங்க?"

"ஊருக்குப் போயிருக்கா."

"பையில மிளகாச்சாறு புட்டி வச்சிருக்குமே, நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்து ஊத்தும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தீங்களா ரெண்டு பேரும்? அதுக்காகத்தான் நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிப்பேன். தக்காளிச் சட்னி ஊத்துறவன் ருசி தெரியாதவன். அந்தம்மா ஊர் ஏக்கத்துல ஊத்துச்சு. அது வேற."

பதினைந்து வருடம் நாம் ஏமாற்றியதாக நினைத்தவன் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். சின்ன பிட்சாதான் கொடுத்தான். என் பிட்சாவின் ஓரங்களையும் தின்றேன். உன் ஓரங்கள் இல்லாமல் வயிறு நிறையவில்லை. இதை உன் மேல் சுமத்தும் குற்றச்சாட்டாகவே எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடாததற்குக் காரணம் மேலே இருக்கிறது. தேடிக்கொள்.

அன்செல்மோ


மெரிதா
5 மே 1996

அன்செல்மோ,

தேடினேன். கிடைத்தது. நேராகச் சொல்லத் தெரியாத மனிதனோடு இருபது வருடம் வாழ்ந்திருக்கிறேன், தேடுவது எனக்குப் பழக்கம்தான்.

அமாதேயோ பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். மருந்துக்கடையில் ஒரு பெண்ணுக்கு இருமல் மருந்துக்குப் பதில் வேறெதையோ கொடுத்துவிட்டேன். நல்லவேளை, வெறும் வைட்டமின்.

இங்கேயும் ஒருவன் கம்பியில் இறைச்சி சுற்றுகிறான், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். போன வாரம் ஆசைப்பட்டுப் போனேன். அன்னாசியைத் துண்டு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறான். கரண்டியால் அள்ளிப் போடுகிறான். நபோர் கத்தி நுனியால் சுண்டும்போது அது காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து விழுமே, நான் ஒவ்வொரு தடவையும் "ஐயோ, விழப்போகுது" என்பேன், நீ ஒவ்வொரு தடவையும் "விழாது" என்பாய். கரண்டிக்காரனிடம் ஒன்றுதான் சாப்பிட்டேன். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வில்பர்த்துக்கு நான் வக்கீல் இல்லை. அவனுக்கு வாய் பெரிசு. நீ சொன்ன அந்தப் பேச்சு அவனுக்கு நினைவே இல்லை. அது உன்னை இன்னும் எரிச்சல்படுத்தும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், ஒரே தடவைதான் கேட்பேன். இங்கே வா. வீட்டுக்கு வேண்டாம், வில்பர்த்தின் முகத்தில் விழிக்க வேண்டாம். ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணிக்கு, சான் செபஸ்தியான் கோவிலுக்குப் பக்கத்தில் டோன் எலியோதோரோ கடையில் நிற்பேன். பச்சைக் கதவு, பலகை கிடையாது. கூட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பத்திரத்தையும் கொண்டு வா. நாம் முதலில் சாப்பிடுவோம். பசியோடு பேசினால் நமக்குச் சண்டைதான் வரும். சாப்பிட்டபிறகு அதைக் கிழிப்பதா கையெழுத்திடுவதா என்று இருவரும் பார்த்துக்கொள்வோம்.

தொலைபேசி வேண்டாம், அதில் நமக்குக் கத்தத்தான் தெரியும். இதற்குப் பதிலும் எழுதாதே. பேனாவை எடுத்தால் நீ வராமலிருக்க ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவாய். வந்தால் வா.

எல்சி


மெரிதா
9 ஜூன் 1996, ஞாயிறு மதியம்

அன்செல்மோ,

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆறரைக்கே போய் நின்றுவிட்டேன். டோன் எலியோதோரோ குழியிலிருந்து எடுத்த தட்டத்தின் வாழையிலையை அப்போதுதான் பிரித்தார். "யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கே?" என்று கேட்டார். "என் புருஷன் வர்றார்" என்றேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னேன் தெரியுமா? அவர் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். எட்டு மணிக்குக் கோவில் கூட்டம் வந்தது. ஒன்பதுக்கு ஒரு தட்டைத் திரும்ப எடுத்து வைத்தார், நான் பார்க்காத மாதிரி. பதினொன்றரைக்கு எல்லாம் தீர்ந்து, தட்டத்தைக் கழுவி, பச்சைக் கதவை இழுத்துவிட்டார். "வண்டி லேட்டா இருக்கும்மா" என்றார். தலையை ஆட்டினேன்.

அப்பாவின் சாவன்றும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று தெருவை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இனி எந்தப் பக்கமும் பார்க்கிற எண்ணம் இல்லை.

பத்திரத்தை அனுப்பிவிடு.

எல்சி


மெக்சிகோ நகரம்
11 ஜூன் 1996

எல்சி நோவெலோ அவர்களுக்கு,

கேட்ட பத்திரம் இத்துடன் இருக்கிறது. பதினொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். பிழைகளைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். பிழையோடே இருக்கட்டும்.

இருபத்துமூன்று மணி நேரம் பேருந்தில் வந்தேன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு உங்கள் ஊரில் இறங்கினேன், இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கால் வைக்க மாட்டேன் என்றிருந்த ஊரில். நிலையத்துக்கு எதிரே அறை எடுத்துக் குளித்து, சவரம் செய்து, அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டேன். பேருந்தில் கொடுத்த ரொட்டியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பசியோடு வர வேண்டும் என்றிருந்தேன்.

மாலை ஆறரைக்கே சான் செபஸ்தியானில் இருந்தேன். பச்சைக் கதவைக் கண்டுபிடித்தேன். மூடியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம், திறப்பார்கள் என்று நின்றேன். ஏழு ஆயிற்று. ஏழரை ஆயிற்று. எந்தக் கூட்டமும் இல்லை. ஒரு நாய் வந்து கதவை முகர்ந்துவிட்டுப் போனது, அதற்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. மழை பிடித்தது. கோவில் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்தத் தெருவில் யாரையாவது கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் நான் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும், கேட்கவில்லை.

எட்டே காலுக்கு ஒரு பச்சை வோக்ஸ்வாகன் நின்றது. தடித்த மனிதர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "யாரத் தேடுறீங்க சார், நனையுறீங்களே?" என்றார். "யாரையும் தேடலை" என்றேன். என் பேச்சைக் கேட்டதும் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்பை 1974இல் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் எல்லோருக்கும் அது இருக்கும்போல.

ஒன்பது மணிவரை நின்றேன். பிறகு நிலையத்துக்கு நடந்து முதல் வண்டியில் ஏறினேன்.

எதற்காக என்று மட்டும் தெரியவில்லை. உங்கள் தகப்பனாரின் சாவுக்கு வராததற்குத் தண்டனை என்றால், தண்டனை அளவாகத்தான் இருந்தது. குறை சொல்ல மாட்டேன்.

அன்செல்மோ பார்ராகான்


மெரிதா
22 ஜூன் 1996

அன்செல்மோ,

உன் கடிதம் நேற்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ஒன்பதாம் தேதிக் கடிதம் இதற்குள் உனக்கும் கிடைத்திருக்கும். உனக்கும் புரிந்திருக்கும்.

காலை, அன்செல்மோ. காலை ஏழு மணி.

கொச்சினீத்தாவை இங்கே ராத்திரி முழுக்கக் குழியில் வேகவைத்து விடிகாலையில் எடுப்பார்கள். விடியலில் தொடங்கினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மாலையில் கொச்சினீத்தா தேடி யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். எங்களுக்கு அது காலைச் சாப்பாடு. உனக்கு எழுதும்போது "காலை" என்று போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சூரியன் காலையில் உதிக்கும் என்று யாராவது எழுதுவார்களா? உன்னோடு இருபது வருடம் இருட்டிய பிறகு நபோர் கடையில் நின்றவள் நான். இங்கே வந்து இரண்டே வருடத்தில் அது எப்படி மறந்துபோயிற்று? உன் ஊரில் டாக்கோ இரவுச் சமாச்சாரம் என்பதையே மறந்துவிட்டேன். உன்னையே மறந்துவிட்ட மாதிரி இருந்தது அதை நினைத்தபோது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உனக்குத் தெரியாமலே போகும். ஆனால் எனக்குத் தெரியும்.

அந்த வோக்ஸ்வாகன் வில்பர்த்துடையது.

அவனுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசைக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "அங்க ஒரு குவாச் கோட்டுப் போட்டுட்டு எலியோதோரோ கதவ முறைச்சிட்டு நிக்கிறான். ராத்திரியில கொச்சினீத்தா வேணுமாம் தொரைக்கு!" அம்மா சிரித்தாள். அண்ணி சிரித்தாள்.

நானும் சிரித்தேன், அன்செல்மோ. காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது. அன்று முழுக்க அந்த ஒரு தடவைதான் சிரித்தேன். இரண்டு தெரு தள்ளி நீ நனைந்துகொண்டு நின்றிருந்தாய்.

நேற்று உன் கடிதத்தை வில்பர்த்துக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். அதிலிருந்து யாரோடும் பேசவில்லை. அந்த வாய்க்கு இது பெரிய விஷயம்.

பத்திரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வழக்கறிஞர் இன்று காலையே ஆள் அனுப்பிவிட்டார். ஜூலை 15க்கு மேல் நீதிமன்றம் விடுமுறை, அதற்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை. உன்னை இன்னொரு தடவை கூப்பிடவும் மாட்டேன். ஒரு தடவைதான் கேட்பேன் என்று எழுதியிருந்தேன். மூடிய கதவின் முன் உன்னை நிறுத்திவைத்துவிட்டு, சிரித்துவிட்டு, மறுபடி வா என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

எல்சி


மெரிதா, சான் செபஸ்தியான்
7 ஜூலை 1996, ஞாயிறு காலை ஆறு ஐம்பது

எல்சி,

டோன் எலியோதோரோ கொடுத்த பொட்டலக் காகிதத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், தட்டு வைக்கும் பலகையில் எண்ணெய்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் எனக்கு ஜூன் 18 அன்று வந்தது. "ஆறரைக்கே," "எட்டு மணிக்குக் கோவில் கூட்டம்," "பதினொன்றரைக்கு எல்லாம் தீர்ந்து" என்று படித்துக்கொண்டே போனேன், பிறகு தேதிக்குப் பக்கத்தில் "மதியம்" என்றிருப்பதைப் பார்த்தேன். பிழை கண்டுபிடித்தே பிழைப்பு நடத்தியவன், உறையைப் பிரித்து அரை மணி நேரம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். ஒட்டி அனுப்பிய பத்திரத்தைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று தபால் நிலையத்துக்கு ஓடினேன். சிரித்தார்கள். அதன்பிறகு உனக்கு எழுத முடியவில்லை. எதை எழுதினாலும் "நான் கேட்டிருக்கலாம்" என்பதில் வந்து நின்றது. தெருவில் போன யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "இது காலைக் கடை" என்று சொல்லியிருப்பார்கள்.

உன் அடுத்த கடிதம் இந்தத் திங்களன்று வந்தது. நீ சிரித்ததைப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே மிகச் சிறந்த மனக்குறை அது. மாடிவீட்டுக்காரன், உர்ருத்தியா, எவனும் அதன் பக்கத்தில் வர முடியாது. இரண்டு நாள் அதை வைத்து நன்றாகக் குளிர்காய்ந்தேன். மூன்றாம் நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கோட்டுப் போட்ட ஒரு மனிதன் மழையில் நின்று மூடிய கதவை முறைப்பது கண்ணில் வந்தது. கரும்பலகைக்குத் திரும்பி நின்றுகொண்டேன், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று. நானும் சிரித்துவிட்டேன். நல்ல சிரிப்புதான் அது. உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. அன்று வியாழன். மறுநாள் மாலை வண்டியேறி நேற்று வந்து சேர்ந்தேன். ராத்திரி தூங்கவில்லை, ஏழு மணியைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயம்.

இன்று ஆறு மணிக்கே வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. தெரு முழுக்க வாழையிலை வெந்த வாசனை. டோன் எலியோதோரோவிடம் நானாகவே கேட்டேன். "எல்சி நோவெலோ இன்னைக்கு வருவாளா?"

"அந்தப் பொண்ணா? நாலு வாரமா இந்தப் பக்கமே வர்றதில்லையே. அதோ அவ அண்ணன் வர்றார், கேளுங்க."

வில்பர்த் பச்சை வண்டியிலிருந்து இறங்கி நேராக என் பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு நின்னது நீதானே?"

"நான்தான்."

"சத்தியமா எனக்கு அடையாளம் தெரியல. கல்யாணத்துல பாத்தப்ப உன் தலை நெறைய முடி இருந்துச்சு."

"உனக்கு அப்ப தொப்பை இல்ல."

டோன் எலியோதோரோ இருவருக்கும் நடுவில் கரண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். வில்பர்த் அவரிடம், "அந்தத் தோல் மொறுமொறுன்னு இருக்கிற பக்கமா பாத்து இவருக்குப் போடுங்க, நாரத்தைச் சாறு வெங்காயம் நெறைய" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தபடி:

"அப்பா செத்தப்ப நீ வரல."

அதற்கு என்னிடம் இருபத்திரண்டு ஆண்டுப் பதில் தயாராக இருந்தது. கோப்பை, முத்து, என் அம்மா, எல்லாம்.

"வரல," என்றேன். "வந்திருக்கணும்."

அவன் ஒரு டாக்கோவை முழுசாகத் தின்று முடித்தான். கண் கலங்கியிருந்தது. மிளகாய் என்றான். இந்த ஊர்க்காரனுக்கு ஹபனேரோவில் கண் கலங்குமா என்று நான் கேட்கவில்லை.

"வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டான். வர முடியாது என்றேன். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், எல்சி. அன்று நான் வந்திருக்க வேண்டிய வாசல் அது. நீ சொல்லாமல் அதை மிதிக்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், கொண்டுபோய்க் கொடுப்பது வில்பர்த். தானாகவே கையை நீட்டினான்.

பத்திரம் உன்னிடம் இருக்கிறது. நாளை திங்கள், நீதிமன்றம் திறந்திருக்கும். கொடுப்பதென்றால் கொடு, என் கையெழுத்து பதினொரு பக்கத்திலும் இருக்கிறது, மறுக்க மாட்டேன். கொடுக்க வேண்டாமென்று தோன்றினால் இங்கே வா. இங்கேயே இருந்துவிடு என்று நீ சொன்னாலும் சரிதான், வயதான வாத்தியாருக்கு இந்த ஊரிலும் பிள்ளைகள் கிடைப்பார்கள். என் தட்டில் மூன்று இருக்கின்றன, இன்னும் தொடவில்லை. வயிறு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. நீ வரும்வரை தொடப்போவதில்லை.

எழுதி முடித்துவிட்டேன். காகிதத்தை மடித்து வில்பர்த்திடம் நீட்டினால், "இரு, அவசரப்படாத, இன்னும் ரெண்டு இருக்கு, சூடு ஆறிடும்" என்கிறான். என் வீம்பு எல்லாவற்றையும் விட்டு வந்த பிறகு இந்த மனிதனுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எப்போது மெல்லுவதை நிறுத்துவான் என்று. இப்போது டோன் எலியோதோரோவிடம் இன்னொரு டாக்கோ கேட்கிறான்.

அன்செல்மோ